இரண்டாம் சாட்சிக்கு விட்ட இடம்

தென்காசி,
திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி.

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் திரு. ஜெபஸ்டின் அவர்களுக்கு, அக்காள் புருஷன் ஏசுவடியான் வாழ்த்துகளுடன் எழுதிக்கொண்டது. தேவ கிருபையால் இவ்விடம் நான், தங்கள் அக்காள், மகள் பெர்சிஸ் மூவரும் சுகம். போத்தனூரில் தாங்களும் தங்கச்சியும் மருமக்களும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். இங்கே சாரல் நன்றாக விழுகிறது. நான்கு நாளாகத் துணி காயவில்லை. இந்தக் கடிதத்தை ஈரச் சட்டையோடுதான் எழுதுகிறேன்.

நிற்க. இத்துடன் இருபது ரூபாய் முத்திரைத்தாள் ஒன்றை இணைத்திருக்கிறேன். அதில் இரண்டாம் சாட்சி என்று எழுதியிருக்கும் இடத்தில் தாங்கள் கையெழுத்திட்டு, தகப்பனார் பெயரும் கதவு இலக்கமும் எழுதி, மறுநாளே ஸ்பீடு போஸ்டில் திருப்பி அனுப்ப வேண்டியது. காரணத்தைக் கீழே விவரமாக எழுதுகிறேன். போனில் கேட்டால் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. தங்கள் அக்காள் பக்கத்தில் நின்றுகொண்டு வரிக்கு வரி திருத்துகிறாள். எழுத்து என்றால் யாரும் குறுக்கே பேச முடியாது.

விஷயம் தங்களுக்குப் பாதி தெரியும். பெங்களூரில் ஒரு கம்பெனி பெர்சிஸை ஆறு மாதம் இன்டர்ன்ஷிப்புக்குக் கூப்பிட்டிருக்கிறது, தகப்பனார் சம்மதக் கடிதம் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். இந்த யோசனையை அவள் தலையில் ஏற்றியது தாங்கள்தான் என்பதும் எனக்குத் தெரியும். கிறிஸ்மஸுக்கு வந்திருந்தபோது மொட்டை மாடியில் நின்று மாமனும் மருமகளும் ஒரு மணி நேரம் பேசியது வானிலையைப் பற்றி அல்ல. நான் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, பதிவு செய்கிறேன், அவ்வளவுதான். என் எண்ணம் வேறு. அவள் கடைசி வருஷப் படிப்பை இங்கேயே முடித்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாடியில் நடக்கும் குரூப் நாலு பயிற்சி வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, ஒரு கிராம நிர்வாக அலுவலர் ஆக வேண்டும். முப்பத்தோரு வருஷமாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறேன். இந்த முப்பத்தோரு வருஷத்தில் ஒரு கிராம நிர்வாக அலுவலர் முன்னால் நான் உட்கார்ந்து பேசியதில்லை, நின்றுதான் பேசியிருக்கிறேன். அந்த நாற்காலியில் என் மகள் உட்கார வேண்டும், அவள் முன்னால் நானே போய் நின்று ஒரு சிட்டா நகல் கேட்க வேண்டும். இது ஒரு தப்பான ஆசையா, தாங்களே சொல்லுங்கள்.

போன புதன்கிழமை இதே பேச்சு மறுபடி வந்தது. குற்றாலம் போகிற ரோட்டில் இருக்கும் ஓர் என்ஜினியரிங் காலேஜில் சனி ஞாயிறு ஹேக்கத்தான் நடக்கிறது, அதற்குப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்றாள். "ஹேக்கத்தான்னா என்னட்டி?" என்று கேட்டேன். "சனிக்கெழம காலையில ஒம்பது மணிக்கு ஒக்காந்தா ஞாயித்துக்கெழம மூணு மணி வரைக்கும் எந்திரிக்காம ஒரு ஆப் செய்யணும்ப்பா. நல்லா இருந்தா பிரைஸ். மூணு பிரைஸ் உண்டு" என்றாள். எந்திரிக்காமல் முப்பது மணி நேரம் உட்காருவது எப்படி என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே, "பிரைஸ் வாங்கிட்டா பெங்களூருக்கு விடுவீங்களா?" என்று கேட்டுவிட்டாள். நான் பேச்சுவாக்கில் "பாப்போம்" என்றேன். "பாப்போம்லாம் வேண்டாம்ப்பா. எழுதித் தாங்க. வாயால சொன்னா நாளைக்கே மாத்திருவீங்க" என்றாள். மாப்பிள்ளை, உள்ளதைச் சொல்கிறேன், இந்த ஊரில் நான் வாயால் சொன்னால் போதும் என்று நம்பி, பத்திரத்துக்கு முன்னாலேயே நிலத்தில் உழவு வைத்தவர்கள் இருக்கிறார்கள். பெற்ற பிள்ளை எழுதிக் கேட்கிறாள். சரி, எழுத்து என்று வந்தபிறகு நான் பின்வாங்குகிற ஆள் இல்லை.

அன்றைக்கே எழுதினேன். ஒன்றாம் பார்ட்டி நான், இரண்டாம் பார்ட்டி பெர்சிஸ். மேற்படி ஹேக்கத்தானில் முதல், இரண்டு, மூன்று ஆகிய பரிசுகளில் ஏதேனும் ஒன்றை இரண்டாம் பார்ட்டி பெறும் பட்சத்தில், ஒன்றாம் பார்ட்டி பிறர் தூண்டுதலின்றி, முழு மனதுடன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் பெங்களூருக்கு அனுப்பிவைக்க வேண்டியது (முகம் சம்பந்தப்பட்ட ஷரத்து தங்கள் அக்காள் சொல்லிச் சேர்த்தது). பெறாத பட்சத்தில், இரண்டாம் பார்ட்டி அழாமலும் சாப்பிடாமல் படுக்காமலும் குரூப் நாலு வகுப்பில் சேர வேண்டியது. முதல் சாட்சி தங்கள் அக்காள். அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து கையெழுத்துப் போட்டாள். தாளின் ஓரத்தில் மஞ்சளாகத் தெரிவது அடித்தல் திருத்தல் அல்ல, சாம்பார். ஆனாலும் நாளைக்கு யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று அதன் பக்கத்திலும் நான் சுருக்கொப்பம் போட்டிருக்கிறேன். இரண்டாம் சாட்சிக்குப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடலாம் என்றேன். "தாய்மாமன்தான் வேணும்" என்று பெர்சிஸ் ஒரே பிடிவாதம். அதனால் அந்த இடத்தைத் தங்களுக்காக விட்டுவைத்தேன்.

சனிக்கிழமை காலையில் நானும் காலேஜுக்குப் போனேன். தொழில் பழக்கம் அது. எந்தச் சொத்தையும் நேரில் போய்ப் பார்க்காமல் நான் பத்திரம் எழுதுவதில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஃபைல், கையில் இட்லித் தூக்கு. வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அவர்தான் இதை நடத்துகிற பேராசிரியை ஜெயபிரியா. "வல்லிநாயகம் சார்தானே? ரெவின்யூலேர்ந்து வர்றதா சொன்னீங்களே" என்றார். "இல்லம்மா, நான் ஏசுவடியான், பத்திர எழுத்தர்" என்றேன். வரவேண்டிய வல்லிநாயகம் ஓய்வு பெற்ற தாசில்தாராம், சாரலில் சளி பிடித்து வரவில்லையாம். அந்த அம்மாள் ஒரு நிமிஷம் என்னையும் ஃபைலையும் பார்த்தார். "நிலம், பட்டா, பத்திரம் எல்லாம் தெரியும்ல சார்? போதும், வாங்க" என்று சொல்லி என் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டார். அதில் மென்டர் என்று போட்டிருந்தது. அப்படியென்றால் வழிகாட்டியாம். பெரிய பதவி இல்லை, எல்லா மேசைக்கும் போய்ப் பிள்ளைகளிடம் பேசிக்கொண்டிருந்தால் போதும் என்றார். என் மகளும் இதில் இருக்கிறாள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அதற்குள் ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை என்று யாரோ அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே இருபத்திநாலு மேசை, மேசைக்கு மூன்று நான்கு பிள்ளைகள், தரையெல்லாம் வயர். எனக்கு உட்காரக் காட்டிய இடத்தின் நான்கெல்லை: வடக்கே ஏசி, தெற்கே நூடுல்ஸ் டப்பாக்கள், கிழக்கே செருப்பு போடாமல் தூங்கும் ஒரு பையன், மேற்கே சுவர். நடுவில் உள்ளது நாற்காலி அல்ல, நெல் மூட்டை மாதிரி ஒன்று. உட்கார்ந்தால் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. கை கொடுத்த பையன்கள்தான் முதல் வழக்கு. நாலு பேர், தென்னை மரம் ஏறுகிற ஆளைப் போனில் கூப்பிடுவதற்கு ஒரு ஆப் செய்கிறார்கள். நல்ல யோசனைதான், நம் ஊரில் ஆள் கிடைக்காமல் தேங்காய் தானாக விழும்வரை காத்திருக்கிறோம். "சார், எங்க டீமுக்கு ஒரு அக்ரிமென்ட் மாதிரி எழுதணும்னா எப்படி எழுதணும்?" என்று கேட்டான் ஒருவன். இதைக் கேட்டால் நான் சும்மா இருப்பேனா? பேனாவைத் திறந்தேன். யார் யார் பார்ட்டி, தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் எழுதிவிட்டு, எந்தக் கூட்டுப் பத்திரத்திலும் நான் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்: "நாளைக்கு நீங்க பிரிஞ்சா இது யாருக்கு?"

"நாங்க பிரிய மாட்டோம் சார். எல்.கே.ஜி.லேர்ந்து ஃபிரெண்ட்ஸ்" என்றான். "அண்ணன் தம்பியே பிரியுதான்லே. எழுதணும்லா" என்றேன். நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன், "ஐடியா என்னோடதுல்லா" என்றான். இன்னொருவன், "ஏலே, கோடு பூரா எழுதுதது நானு" என்றான். மூன்றாமவன், தென்னை மரம் இருப்பது தன் வீட்டில் என்றான். நான் பேனாவோடு எழுதக் காத்திருந்தேன். பத்து நிமிஷத்தில் அந்த டீம் இரண்டு டீம் ஆயிற்று. மத்தியானச் சாப்பாட்டுக்குள் மென்டர் சார் அக்ரிமென்ட் எழுதித் தருகிறார் என்ற செய்தி ஹால் முழுக்கப் பரவி, மூட்டையைச் சுற்றி வரிசை நின்றது. ஒவ்வொருவரிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டேன். ஒரு டீமில் இரண்டு பெண் பிள்ளைகள் அழுதார்கள். இன்னொன்றில் ஒருவன் மற்றவனுடைய சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். சாயங்காலம் நாலு மணிக்கு ஜெயபிரியா மேடம் ஓட்டமும் நடையுமாக வந்தார். "சார், பிள்ளைங்ககிட்ட என்ன சொன்னீங்க? காலையில இருபத்திநாலு டீம். இப்ப முப்பத்தொண்ணு. எனக்கு டேபிள் பத்தல!" என்றார். "நான் ஒண்ணும் சொல்லலம்மா. கேட்டேன், அவ்வளவுதான்" என்றேன். அதுதான் உண்மை. வேண்டுமானால் சத்தியம் பண்ணுகிறேன்.

பெர்சிஸின் மேசைக்கும் போனேன். "அப்பா! இங்கன என்ன பண்ணுதீங்க? கழுத்துல என்ன அட்ட?" என்று முகம் வெளிறிக் கேட்டாள். "இப்ப நான் அப்பா இல்லை, மென்டர்" என்றேன். கூட இரண்டு பேர், கடையநல்லூர்ப் பிள்ளை மாஜிதா, ஆய்க்குடிப் பையன் முத்துகுமரன். இவர்கள் செய்தது ஐந்தருவியில் இப்போது குளிக்கலாமா கூடாதா என்று முன்கூட்டியே சொல்லும் ஆப். முத்துகுமரனின் சித்தப்பா மேலே மலையில் ஒரு எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். அவர் வீட்டுக் கூரையில் மழை அளக்கும் கருவி ஒன்றை வைத்திருக்கிறார்கள். மேலே எவ்வளவு பெய்தால் கீழே எத்தனை நிமிஷத்தில் வெள்ளம் வரும் என்று பழைய நான்கு சீசன் விவரத்தை வைத்து அது சொல்லுமாம். பச்சை என்றால் குளிக்கலாம், சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. பாரபட்சம் கூடாதென்று அவர்களிடமும் கேட்டேன், பிரிந்தால் யாருக்கு என்று. மாஜிதா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பிரியும்போது பாத்துக்கிடலாம் அங்கிள். இப்ப மேலேர்ந்து சிக்னல் வரல, அதான் பிரச்சன" என்றாள். முப்பத்தோரு டீமில் இப்படிச் சொன்னது இவர்கள் மட்டும்தான். முத்துகுமரன் அந்த ஆப்பை என் போனிலும் ஏற்றிக் கொடுத்தான். நான் தூக்கை அங்கேயே வைத்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகவில்லை, கர்த்தர் மன்னிப்பார். ஆப் சொல்வது சரியா என்று தலம் பார்க்க நேரே ஐந்தருவிக்குப் போனேன். நல்ல கூட்டம். தலைக்கும் உடம்புக்கும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, போனை எடுத்துப் பார்த்தால் சிவப்பு. அருவியைப் பார்த்தால் சாதுவாக விழுகிறது. எண்ணெய் தேய்த்துவிட்ட ஆள் என் போனை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இந்தத் தண்ணிக்கா பயப்படுதீய அண்ணாச்சி? பச்சப் புள்ள குளிக்கும். எறங்கும் ஓய்" என்றார். எனக்கும் வெட்கமாகப் போயிற்று. போனைப் பையில் போட்டுக் கரையில் வைத்துவிட்டு இறங்கினேன். அப்போது மணி பத்து பதினேழு. எனக்கு முன்னால் ஒருவர் தோளில் சின்னப் பையனை வைத்துக்கொண்டு நின்றார். பத்து இருபத்தைந்துக்கு விசில் ஊதினார்கள். தண்ணீரின் நிறம் செம்மண்ணாக மாறிச் சத்தம் வேறாகிவிட்டது. போலீஸ்காரர் ஒருவர் பாய்ந்து வந்து அந்தப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவன் அப்பா அலறிக்கொண்டு பின்னால் ஓடினார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எப்படியோ மேலே ஏறினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, என் துண்டு மட்டும் போய்விட்டது. படியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன், மாப்பிள்ளை. ஆப் சிவப்பு காட்டி நான் இறங்கியதற்கும் விசிலுக்கும் நடுவே எட்டு நிமிஷம். என் பிள்ளை செய்த சாமான் சொன்னது சரி, அத்தனை பெரிய ஆண்கள் சொன்னது தப்பு. அதைக் கண்ணால் கண்ட சாட்சி நான் ஒருவன்தான்.

எண்ணெய் போகாமல், சீயக்காய் பார்க்காத தலையோடு காலேஜுக்குப் போனேன். காலர் வழியாக எண்ணெய் முதுகுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. போனதும் ஒரு மார்க் ஷீட்டைக் கையில் கொடுத்தார்கள். டீமுக்கு டீம் மென்டர் பத்துக்கு எத்தனை என்று போட வேண்டுமாம். முப்பது டீமுக்கும் யோசித்து நியாயமாகப் போட்டேன். முப்பத்தொன்றாவது பெர்சிஸ் டீம். இங்கேதான் தாங்கள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும். பயன் அடைகிறவன் சாட்சி போடக் கூடாது. என் தொழிலில் அது பால பாடம். பெண்ணுக்கு எழுதிக் கொடுக்கிற பத்திரத்தில் மருமகனைச் சாட்சிக்கு நிறுத்துவோமா? அதோடு, இந்த மார்க்கை வைத்துத்தான் அவள் பெங்களூர் போவதா வேண்டாமா என்பதே இருக்கிறது, நானோ ஒன்றாம் பார்ட்டி. கூடப் போட்டாலும் தப்பு, குறையப் போட்டாலும் தப்பு. அதனால் பத்திரத்தில் காலி இடம் வந்தால் பிறகு யாரும் எதையும் நுழைத்துவிடாதபடி என்ன செய்வேனோ அதையே செய்தேன். அந்தக் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு கிழித்து, சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மூன்று மணிக்கு, செய்ததை மேடையில் விளக்கிக் காட்ட வேண்டும். பெங்களூரிலிருந்து மூன்று நடுவர்கள் வந்திருந்தார்கள். பெர்சிஸ் நன்றாகப் பேசினாள். நம் வீட்டில் பேசுகிற பெண்ணா இது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு நடுவர், "இது நேர்ல கரெக்டா வேலை செய்யுதுன்னு என்ன ஆதாரம்?" என்று கேட்டார். "பழைய டேட்டாவ வச்சுப் பாத்தா பத்துக்கு எட்டு தடவ சரி சார். அருவிக்குப் போயி டெஸ்ட் பண்ண நேரம் கெடைக்கல" என்றாள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். தலையில் எண்ணெய். பையில் போன். எழுந்து நின்று எட்டு நிமிஷம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை, மாப்பிள்ளை. தகப்பன் எழுந்து மகளுக்குச் சாட்சி சொன்னால் அதை யார் ஒப்புக்கொள்வார்கள்?

முடிவு வந்தது. பெர்சிஸ் டீம் நாலாவது. மூன்றாவது பரிசுக்கு எழுபத்தொன்று, இவர்களுக்கு அறுபத்தாறு. ஐந்து மார்க்கில் போயிற்று. போய்க் கேட்டேன், என் கட்டத்தில் என்ன எடுத்தீர்கள் என்று. கம்ப்யூட்டரில் ஏற்றிய பெண், "கோடு போட்டிருந்தீங்களா சார், அது ஜீரோன்னு எடுத்துக்கிட்டுது" என்றாள். கோடு என்றால் ஒன்றும் சொல்லவில்லை என்று அர்த்தம், ஜீரோ என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். இந்த வித்தியாசம் ஒரு சார்பதிவாளருக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. மூன்றாவது பரிசு வாங்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? தென்னை மரம். நாலு பேரிலிருந்து பிரிந்து போன இரண்டு பேர். கப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார்கள். "சார், நீங்க மட்டும் அந்தக் கேள்வி கேக்கலேன்னா நாங்க பிரிஞ்சிருக்கவே மாட்டோம்! எல்லாம் உங்களாலதான் சார்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பக்கத்தில் பெர்சிஸ் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் இரண்டு பேரும் நின்றுகொண்டே வந்தோம். அவள் தூக்கைத் திறந்து பார்த்து, "ரெண்டு இட்லி மிச்சம் இருக்குப்பா, சாப்பிடுதீங்களா?" என்றாள். வீட்டுக்கு வந்து தங்கள் அக்காளிடம் நடந்ததைச் சொன்னேன். அருவியில் இறங்கியதை மட்டும் சொல்லவில்லை. "ஒங்க கோட்டுல கொள்ளிய வைக்க! ஊரான் பிள்ளைக்கெல்லாம் மார்க்கப் போட்டுட்டு, பெத்த பிள்ளைக்குக் கோடு கிழிச்சிட்டு வந்து நிக்கிய!" என்று ஆரம்பித்தவள் இந்த நிமிஷம் வரை நிறுத்தவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. நியாயம் என்றால் வீட்டில் கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும். பெர்சிஸ்தான் பத்திரத்தை மதிக்கிற பிள்ளை. இன்று காலையில் லேப்டாப்பை ஒரு துண்டில் சுற்றி அலமாரியில் மேல் தட்டில் வைத்தாள். "கிளாஸு எத்தன மணிக்குப்பா?" என்று கேட்டாள். அழவில்லை, சாப்பிட்டாள், ஷரத்துப்படி எல்லாம் சரியாக இருக்கிறது. வெறும் தயிர்ச் சோறுதான் சாப்பிட்டாள், ஆனால் அதைப் பற்றிப் பத்திரத்தில் ஒன்றும் இல்லை.

ஆகவே, இதில் வில்லங்கம் ஏதும் இல்லை என்று உறுதி கூறி, தங்கள் கையெழுத்தைக் கேட்டுக்கொள்கிறேன். தாய்மாமன் கையெழுத்தும் விழுந்துவிட்டால் பத்திரம் பூர்த்தி ஆகும், நானும் வருகிற சனிக்கிழமை அவளை வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன். தாங்கள் இரக்கப்பட்டு அவளுக்குப் போன் போட்டு எதையாவது சொல்லிக் கிளப்பிவிட வேண்டாம். எழுதியது எழுதியதுதான். தங்கச்சியை வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்லவும். மூத்தவன் பரீட்சையில் தேறியது அறிந்து சந்தோஷம், சின்னவள் பல் விழுந்ததற்கு மாமாவின் அனுதாபம். நம் எல்லாருடைய போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் அக்காள் புருஷன்,
ஏசுவடியான்,
பத்திர எழுத்தர்.

பி.கு.: செவ்வாய்க்கிழமை காலை. கவரை நேற்று ஒட்டவில்லை. பசை காய்ந்துவிட்டது என்று உம் அக்காளிடம் சொன்னேன். பசை நன்றாகத்தான் இருந்தது.

இன்று எட்டு மணிக்கு ஜெயபிரியா மேடம் போன் பண்ணினார். பெர்சிஸ் என் மகள் என்பது அவருக்கு ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்வதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டதாம். கோட்டைப் பார்த்துவிட்டு, அந்தப் பத்து மார்க்குக்கு வேறு ஒரு மென்டரைக் கொண்டு போடச் சொல்கிறேன் என்று பெர்சிஸிடம் கேட்டாராம். அவர் பத்துக்கு ஆறு போட்டிருந்தாலே மூன்றாவது பரிசு இவர்களுக்குத்தான். அவள் வேண்டாம் என்றாளாம். "எங்கப்பா கோடு கிழிச்ச எடத்துல யாரும் எழுதக் கூடாது மேடம்" என்றாளாம். மாஜிதாவும் முத்துகுமரனும் பக்கத்தில்தான் நின்றார்களாம், ஒருவரும் மறுத்துப் பேசவில்லையாம். முப்பத்தோரு வருஷத்தில் என் கோட்டுக்கு இப்படி ஒரு மரியாதையை ஒரு சார்பதிவாளர்கூடக் கொடுத்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மாப்பிள்ளை. கொல்லைப் பக்கம் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தேன்.

வந்து அவளிடம் ஐந்தருவி விஷயத்தைச் சொன்னேன். "எட்டு நிமிஷமா? நெசமாவாப்பா?" என்று குதித்தாள். அலமாரியிலிருந்து லேப்டாப்பை இறக்கினாள், மாஜிதாவுக்குப் போன் போட்டாள். அங்கே ஏன் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "செவப்பு காட்டுதுல்லா, பின்ன ஏன் எறங்குனீங்க?" என்றுதான் திட்டினாள். அதை உம் அக்காளும் கேட்டுவிட்டாள். அது தனிக் கதை.

இரண்டு சாட்சி இல்லாத பத்திரத்தை நான் பத்திரம் என்று ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. அது வெறும் தாள். காலி இடம் கண்டால் கோடு கிழிக்காமல் கையை எடுக்காத நான், உமக்கு விட்ட இடத்தில் மட்டும் ஏன் கோடு கிழிக்காமல் விட்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்தப் பத்திரம் பூர்த்தியாக வேண்டாம் என்று புதன்கிழமையே எனக்குள் இருந்திருக்க வேண்டும். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் யார் என்னிடம் எழுதித் தாங்க என்று கேட்பார்கள் என்று தெரியவில்லை. ஆறு மாதம்தானே என்று உம் அக்காள் சொல்கிறாள். ஆறு மாதம் எனக்கு நீளமாகத்தான் இருக்கிறது.

சம்மதக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். கம்பெனிக்கு என் கையெழுத்து மட்டும் போதுமாம். ஆனால் பெர்சிஸ் இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது சாட்சி யாருப்பா?" என்று கேட்டாள். உம் பெயரைத்தான் சொன்னேன். ஆகவே இந்தக் கவரில் இப்போது இரண்டு தாள் இருக்கின்றன. முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட வேண்டாம், அதைக் கிழித்துவிடும். சம்மதக் கடிதம் எழுதிய வெள்ளைத்தாளில் போட்டு, கிடைத்த அன்றைக்கே அனுப்பும். அவசரத்தில் தாள் மாறிப் போட்டுவிட்டு அப்புறம் எனக்குப் போன் பண்ணாதேயும். முத்திரைத்தாளில் உம் கையெழுத்து விழுந்துவிட்டால் அது பத்திரம், மாப்பிள்ளை, என்னால் ஒன்றும் செய்ய முடியாது.